பரணியில் பிறந்தவளுக்கு ஒரு ரோமப் பெயர்

கோல்டிங் நகர நூலகத்தின் ஒரு மூலையில் வாசிப்பு மேசைகள் ஆறு இருக்கின்றன. அன்று நான்கில் ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாவதில் உட்கார்ந்து அந்த வரியை வாசித்தபோது என் கை தானாகவே மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு, யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கிழவன் பெயர்கள் பற்றிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெளிறிப்போய் இருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்.

லிவியா என்பது பழைய ரோமாபுரியில் இருந்த ஒரு குடும்பப் பெயரின் பெண்பால் வடிவம் என்று அந்தப் புத்தகம் சொன்னது. அதுவரை பாதகமில்லை. அதற்கு அடுத்த வரியில்தான் வந்தது. அந்தக் குடும்பப் பெயரின் தோற்றம் உறுதியாகத் தெரியாது என்றும், நீலம் பாய்ந்திருப்பதைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றும் போட்டிருந்தார்கள்.

நீலம் என்றால் என்ன நீலம்? கடல் நீலமா, வானத்தின் நீலமா? எனக்கு அரைகுறையாக எதையும் விட்டுவிட்டுப் போக முடியாது. எழும்பிப் போய் லத்தீன் சொற்களுக்கு டேனிஷ் மொழியில் பொருள் சொல்லும் அகராதி இருக்கிறதா என்று கேட்டேன். தகவல் மேசையில் இருந்த பெண் இரண்டு தட்டு தள்ளிப் போய் எடுத்து வந்து தந்தாள். அந்தச் சொல்லுக்கு அங்கே மூன்று பொருள் இருந்தன. ஈயத்தின் நிறமான என்பது முதலாவது. அடிபட்டுக் கன்றிப்போன தோலின் நிறமுள்ள என்பது இரண்டாவது. பொறாமை பிடித்த என்பது மூன்றாவது. மூன்றில் ஒன்றையாவது ஒரு பெண் குழந்தையின் தலையில் வைக்கலாமா என்று நான் திருப்பித் திருப்பி யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

என் மகளின் முதல் பிள்ளைக்குத்தான் இந்தப் பெயர். வருகிற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம். மகள் குடியிருக்கும் வைலேயில் மண்டபம் எடுத்திருந்தது. நான்தான் அம்மப்பா என்ற முறையில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லி, பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து அந்தப் பெயரின் கருத்து என்ன என்று வந்தவர்களுக்கு விளக்க வேண்டும். அதற்காகத்தான் நூலகத்துக்கே போனேன். இரண்டு நல்ல வசனம் எழுதிக்கொண்டு வரலாம் என்ற நினைப்போடு போனவன்.

பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அநேகமாக இப்படித்தான் பெயர் வருகிறது. முதலில் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் பெயராக இருக்க வேண்டும். அடுத்தது எண்கணிதம்: பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வருகிற எண் நல்ல எண்ணாக இருக்க வேண்டும். மூன்றாவது, பிள்ளைகளின் நிபந்தனை: டேனிஷ்காரரின் வாயில் அந்தப் பெயர் உடையக் கூடாது. என் மகளின் பெயரில் ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்துகள். பள்ளிக்கூடத்தில் முதல் நான்கோடு நிறுத்திவிட்டார்கள். வேலையிடத்தில் மூன்றாகிவிட்டது. தன் பிள்ளைக்கு வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாத பெயராக வேண்டும் என்று அவள் கருத்தரித்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பிறக்கும் என்று மருத்துவமனையில் குறித்துக் கொடுத்த நாளைச் சுற்றி என்னென்ன நட்சத்திரம் வருகிறது என்று நான் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். அசுவினி, பரணி, கார்த்திகை. மூன்றுக்கும் எழுத்துகளைக் கொடுத்து, நட்சத்திரத்துக்கு ஒரு பெயராக ஆயத்தம் செய்யுங்கள் என்றேன். அவர்களும் செய்தார்கள். அசுவினி என்றால் லாரா. பரணி என்றால் லிவியா. கார்த்திகை என்றால் எம்மா. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். லிவியா பன்னிரண்டு வந்தது. ஒன்றும் இரண்டும் மூன்று, குருவின் எண். மூன்று பெயர்களில் அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பரணிக்கு லி, லு, லே, லோ என்று நான்கு எழுத்துகள். லுவில் லூசியா என்ற பெயரையும் மகள் யோசித்தாள். மார்கழி இருட்டில் இங்கே பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வரிசையாகப் பாடிப் போவார்களே, அந்த லூசியா. என் மனைவி விடவில்லை.

"எங்கட சனத்தைத் தெரியாதோ? லூசியா எண்டு வைச்சால் ரெண்டாம் நாள் லூசு எண்டு கூப்பிடுங்கள். பிறகு அவள் கலியாணம் கட்டிப் போகுமட்டும் லூசுதான்."

எல்லோரும் சிரித்தோம். பெயர் கழிந்தது. இப்போது அதே புத்தகத்தில், லிவியாவுக்குச் சில பெயர்கள் கீழே, லூசியா இருந்தாள். ஒளி என்று போட்டிருந்தது. ஒரு சந்தேகமும் இல்லாமல், தோற்றம் உறுதியில்லை என்ற இழுபறி ஒன்றும் இல்லாமல், ஒளி. லாராவுக்கு வாகை போன்ற வெற்றி மாலை கட்டும் ஒரு மரம். மற்றவர்களுக்கு மரமும் ஒளியும் கொடுத்துவிட்டு எங்கள் பிள்ளைக்கு மட்டும் கன்றிய தோலைக் கொடுத்திருந்தார்கள்.

நட்சத்திரம் பார்த்தோம், எழுத்துப் பார்த்தோம், எண்ணைக் கூட்டினோம். கருத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லாதபடியால் நானும் பார்க்கவில்லை.

பெயர் இன்னும் பதியப்படவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். இங்கே பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிந்தால் போதும். நாங்கள் சைவக்காரர் என்றாலும் அது தேவாலய அலுவலகத்துக்குத்தான் போகும், கைபேசியிலேயே செய்துவிடலாம். கொண்டாட்டம் முடிய, காதில் பெயர் சொல்லி முடிய, அன்று இரவு பதிவோம் என்று பிள்ளைகள் இருந்தார்கள். சனிக்கிழமைக்குள் மாற்றிவிடலாம். லே இருக்கிறது, லோ இருக்கிறது. அந்த எண்ணத்தோடு நான் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தேன். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. என்னவென்று சொல்வது?

மனைவி ஏற்கனவே வைலேயில்தான் இருந்தாள். பிள்ளைப் பேற்றுக்கு முதல் நாளே போனவள், மகளுக்குப் பத்தியம் பார்க்க அங்கேயே தங்கிவிட்டாள். எனக்குக் குளிர்ப்பெட்டியில் கறிகளைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கதவைத் திறந்தவள் அவள்தான். மிளகும் உள்ளியும் வறுபடும் மணம் அவளுக்குப் பின்னால் வந்தது.

"என்ன, சொல்லாமல் கொள்ளாமல்? கறி முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. இன்னும் அஞ்சு பெட்டி கிடக்கு."

"அப்ப ஏன் முகம் இப்பிடி இருக்கு? குளிசை போட்டனீங்களோ?"

மாத்திரை போட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மகள் சோபாவில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மருமகனும் பிள்ளைக்காக விடுமுறையில் வீட்டில்தான். அவர் இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் மேசையில் எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். தரையில் சப்பணம் கட்டி இருந்து பிள்ளையின் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்.

"பிள்ளை, அந்தப் பெயர் வேண்டாம்."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனப்பா, கூட்டுத்தொகை மாறிட்டுதோ?"

"பன்னிரண்டு பதின்மூண்டு ஆயிட்டுதோ, மாமா?" என்றார் மருமகன் தலையைத் தூக்காமலே. "திரும்ப ஒருக்கால் கூட்டிப் பாருங்கோ."

"பகிடி விடாதையுங்கோ, தம்பி. கூட்டுத்தொகை சரி. எழுத்தும் சரி. கருத்துத்தான் பிழை."

"கருத்தோ?" என்றாள் மகள். "லீவ் எண்டால் உயிர். அதுதானே அப்பா, லிவியா. வேலையில எல்லாரும் அதைத்தான் சொன்னவை. கேட்டவுடனை விளங்குது எண்டு."

"லீவ் டேனிஷ் சொல். இந்தப் பெயர் டேனிஷ் இல்லை. ரோமாபுரிக்காரரின்ரை. லத்தீன். நான் இப்ப நூலகத்திலை இருந்துதான் வாறன்."

"சரி, லத்தீனில என்னவாம்?" மருமகன் ஒரு சின்னக் காலுறையின் சோடியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"நீலம் பாஞ்சது எண்டு கிடக்கு. நல்ல நீலம் இல்லை. ஈயம் மாதிரி. அடிபட்டுக் கன்றின தோல் மாதிரி. ஒரு பச்சைப் பிள்ளைக்கு வைக்கிற பெயரோ இது?"

நான் எதிர்பார்த்தது ஒரு வாக்குவாதத்தை. உங்களுக்கு வேறு வேலை இல்லையா அப்பா என்று மகள் கேட்பாள் என்று ரயிலிலேயே நினைத்து, அதற்கு மூன்று பதிலும் வைத்திருந்தேன். ஒருவரும் வாக்குவாதத்துக்கு வரவில்லை. மருமகனின் கை காலுறையோடு அப்படியே நின்றது. மகள் பிள்ளையின் முதுகில் தட்டுவதை நிறுத்தினாள். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்று, மனைவி கையைத் துடைக்காமல் வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. புத்தகத்திலை கிடக்கு."

"எங்கட பிள்ளையைப் பற்றிப் புத்தகத்திலையோ?"

"பிள்ளையைப் பற்றி இல்லை, பெயரைப் பற்றி." சொல்லி முடித்த பிறகுதான் அவள் கேட்டது உறைத்தது. "எங்கட பிள்ளையைப் பற்றி என்ன?"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் மருமகனைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்று அந்த அறையில் இருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. என் எழுபத்துநான்கு வயதில் இப்படி ஒரு நிலையில் நான் நின்றதில்லை.

"மாமா, முதல் இருங்கோ," என்றார் மருமகன்.

இருந்தேன். கோட்டும் தொப்பியும் அப்படியே.

அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பிள்ளை பிறந்தபோது கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. இரண்டு சுற்று. வெளியே வந்தபோது அழவில்லை. அசையவில்லை. மருத்துவிச்சி கொடியை எடுத்துவிட்டு முதுகைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளையை அறையின் மூலையில் இருந்த சூடாக்கும் மேசைக்குக் கொண்டுபோய் வாயிலும் மூக்கிலும் சின்ன மூடியைப் பிடித்துக் காற்றுக் கொடுத்தார்கள்.

"அவளின்ர நிறம், மாமா," என்றார். அதற்குமேல் தமிழில் அவருக்குச் சொல் வரவில்லை. டேனிஷில் ஏதோ தொடங்கி அதையும் விட்டுவிட்டார். மூச்சை இழுத்துக்கொண்டு, "நீங்கள் இப்ப சொன்னீங்களே, அதுதான் நிறம்," என்றார்.

கையில் இருந்த காலுறையை மடித்தார், மறுபடியும் விரித்தார்.

"எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. உங்கட பழக்கம் எனக்கும் வந்திட்டுது. வந்த ஆக்களை எண்ணினன். ஒன்பது பேர். திரும்பத் திரும்ப எண்ணினன். அவை அங்கையும் இங்கையும் நடந்ததாலை ஒருக்கால் எட்டு வந்தது, பிறகும் ஒன்பது வந்தது."

அப்போதுதான் எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறந்த அன்று விடியப்புறம் மருமகன் எடுத்துச் சொன்னார்: பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம். எத்தனை கிலோ என்று கேட்டேன். சொன்னார். சாதகம் குறிப்பதற்காகப் பிறந்த நேரத்தைக் கேட்டேன். "எந்த நேரம் மாமா, பிறந்த நேரமோ, அழுத நேரமோ?" என்று கேட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்டுதானே தம்பி, ஒண்டைச் சொல்லுங்கோ," என்றேன். அவர் ஒன்றைச் சொன்னார். நான் அதை வைத்து லக்கினம் போட்டு, கிரகங்களை வீட்டில் ஏற்றி, பிள்ளைக்குத் தீர்க்காயுள் என்று மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தும் இருக்கிறேன். அவள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பிள்ளையை மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தார்கள். கொஞ்சம் மஞ்சள் பிடித்திருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் தினமும் தொலைபேசியில் மஞ்சள் எவ்வளவு குறைந்தது, அதன் அளவு என்ன என்று கேட்டேன். மனைவி தினமும் ஓர் எண்ணைச் சொன்னாள். இப்போது அவளைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"அப்ப அந்த அளவெல்லாம்?"

"நான் சும்மா சொன்னனான். நாளுக்கு நாள் குறைச்சுக் குறைச்சுச் சொன்னன். வேற என்ன செய்ய?"

எனக்கு அவளோடு கோபிக்கக்கூட முடியவில்லை. வாயில் வந்தது வேறு.

"எத்தனை நிமிஷம்?" என்றேன். "மூச்சில்லாமல் எத்தனை நிமிஷம் இருந்தவள்?"

மனைவி மகளின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியோ பிள்ளை, நான் என்ன சொன்னனான்?"

"அதுக்குத்தான் அப்பா உங்களுக்குச் சொல்லேல்லை," என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்கள் அந்த நிமிஷத்தைக் கேப்பீங்கள். சொன்னால், அதைக் கொண்டுபோய் வைச்சுக்கொண்டு யோசிப்பீங்கள். இத்தனை நிமிஷம் எண்டால் மூளைக்கு என்ன, காதுக்கு என்ன எண்டு தேடுவீங்கள். பிறகு எங்களுக்கு எடுத்துச் சொல்லுவீங்கள். எனக்கு அந்த இலக்கம் வேண்டாம் அப்பா. டொக்டர் எல்லாம் பாத்திட்டினம். தலையை ஸ்கான் எடுத்தவை. காது கேக்குது. கை கால் அடிக்கிறாள். பால் குடிக்கிறாள். மூண்டு மாசத்திலை திரும்பக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

போதும் என்று அவள் சொன்னபோது பிள்ளை அவள் தோளில், குடித்த பாலுக்கு ஏவறை விட்டது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான்கு பேரும் திரும்பினோம். எங்களுக்கு முன்னால் அது முதல் தடவை ஏதோ செய்வதுபோல.

மருமகன் எழுந்தார். மடித்த உடுப்புகள் அவர் கால் பட்டுச் சரிந்தன. அவர் பார்க்கவில்லை.

"மாமா சொன்னது சரி. மாத்துவம்," என்றார் மகளிடம். "இன்னும் பதியேல்லைத்தானே. லே இருக்கு, லோ இருக்கு. லேயா எண்டு வைப்பம். எனக்கு இது தெரிஞ்ச பிறகு என்னால ஏலாது. நான் அந்த நிறத்தைப் பாத்தனான். பள்ளிக்கூட வாசல்ல நிண்டு ஒவ்வொரு நாளும் அந்த நிறத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடுறதோ?"

நான் கேட்டு வந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. பெயரை மாற்ற ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்காக மனம் ஆறவில்லை. வீட்டைச் சுத்தமாக்கப் போய்ச் சுவரை இடித்துவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் புத்தகத்தை விரிக்காமல் இருந்திருந்தால் இந்த மனுஷன் தன் பிள்ளையைக் கடைசிவரை உயிர் என்று நினைத்துக் கூப்பிட்டிருப்பார்.

மகள் பிள்ளையை மடியில் கிடத்தினாள்.

"நான் பாக்கேல்லையோ அந்த நிறத்தை?" என்று கணவனைக் கேட்டாள். "எனக்குத்தான் நேரை தெரிஞ்சது. உங்களுக்கு அவையின்ர முதுகு தெரிஞ்சது. நீங்கள் முதுகுகளை எண்ணினீங்கள்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் அண்டைக்கு ஒரு மெசேஜ் அனுப்பினனீங்கள், நினைவிருக்கோ? எனக்குப் பிள்ளைப்பேத்து நோ வந்துகொண்டிருக்கேக்கை. பரணி நடக்குது, நாளைக் காலமை வரைக்கும் பரணிதான் எண்டு."

அனுப்பியது நினைவிருந்தது. அதற்கு அவள் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாக அனுப்பியதும், பெரியவருக்குப் பதில் எழுதுகிற முறையா இது என்று நான் முணுமுணுத்ததும் நினைவிருந்தது.

"அதை இவர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். அப்ப லிவியா எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது. பிள்ளை வெளியில வரமுதலே அவளுக்குப் பெயர் இருந்தது. அங்கை அந்த மேசையில கிடந்தாளே, அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டா. இவர் எண்ணினார். நான் எழும்ப ஏலாது. எனக்குச் செய்யிறதுக்கு வேற ஒண்டும் இல்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன். லிவியா, லிவியா எண்டு. சத்தமாய்த்தான். மருத்துவிச்சி திரும்பிப் பாத்து, அதுதான் பெயரோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். உடனை அவள் மற்றவைக்குச் சொன்னாள். அதுக்குப் பிறகு அந்த ஒன்பது பேரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வேலை செய்தவை. வாம்மா லிவியா, நல்லாச் செய்யிறாய் லிவியா எண்டு. நீங்கள் கேட்டனீங்கள்தானே?" இதைக் கணவனிடம் கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"அதைக் கேட்டுத்தான் அவள் வந்தவள். இனி வேற பெயரை வைச்சு, வந்தது வேற ஆரோ எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

"பிள்ளை, கருத்து..." என்று தொடங்கினேன்.

"கருத்து இருக்கட்டும் அப்பா. அவள் அந்த நிறமாய் இருந்தவள்தானே. பொய்யில்லையே."

முப்பது வருஷம் ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணி உழைத்தவன் நான். ஊரில் கணிதம் படித்துப் பட்டம் எடுத்தவன். பெயர் என்றால் பிறந்தபின் ஆயத்தமாக உட்கார்ந்து, பார்த்து, கூட்டி, வைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். சாகக் கிடக்கிற ஒன்றைத் திரும்பி வரச் சொல்லிக் கத்துவதற்கு அது தேவைப்படும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. நான் அனுப்பிய இரண்டு வரியை அவர்கள் எந்த இடத்தில் வைத்து வாசித்தார்கள் என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

மகள் சோபாவின் கைப்பிடியில் இருந்த கைபேசியை எடுத்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. இருந்தால் நீங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுக்கொண்டே இருப்பீங்கள்."

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி மற்றக் கையின் பெருவிரலால் தட்டினாள். முதல் பெயர், அதற்குக் கீழே தகப்பனின் பெயர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். அனுப்பினாள். உடனே மருமகனின் சட்டைப்பையில் சத்தம் கேட்டது. பெற்றோர் இருவரும் சம்மதித்தால்தான் பெயர் போகும்.

அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தபடி நின்றார். மனைவி அடுப்பில் இருந்த பத்தியக் கறியை மறந்துபோனாள். அது அடிப்பிடிக்கும் மணம் வந்தும் ஒருவரும் அசையவில்லை. அவர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாமா?"

அவர் என்னிடம் கேட்டது எண்ணோ எழுத்தோ அல்ல என்பது விளங்கியது. நான் அதைத் தடுப்பதற்காக ரயில் ஏறி வந்தவன். இன்னும் என் நெஞ்சு அந்த அகராதியின் மூன்று பொருளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

"ஓம் எண்டு அமத்துங்கோ, தம்பி," என்றேன்.

அவர் விரலை வைத்து இழுத்தார். அவ்வளவுதான். ஐயர் இல்லை, விளக்கு இல்லை, காதில் ஓதவில்லை. ஒரு விரல் இழுப்பில் அவள் இந்த நாட்டின் கணக்கில் லிவியா ஆகிவிட்டாள். மருமகன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில், சரிந்த உடுப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். மகள் காலை நீட்டி அவருடைய முழங்காலைத் தொட்டாள்.

"ஐயோ, கறி," என்று சொல்லிக்கொண்டு மனைவி சமையலறைக்குப் போனாள்.

"கோட்டைக் கழற்றுங்கோ அப்பா," என்றாள் மகள். கழற்றினேன். அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள். "பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. நீங்கள் இன்னும் ஒருக்கால்கூடச் சொல்லேல்லை."

உண்மைதான். காதில் சொல்லி வைக்கும்வரை பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் அதுவரை பிள்ளை, குஞ்சு என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இப்போது வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். சாதாரண மாநிறம். மூக்கின் நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். எண்ணத் தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே விட்டுவிட்டேன். அவள் மூச்சு விடுவதை என் கை உணர்ந்தது. அவள் பிறந்த அறையில் நான் இருக்கவில்லை. நான் கோல்டிங்கில் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பரணி முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்று திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கோ," என்றாள் மகள் மறுபடியும்.

"லிவியா," என்றேன்.

என் குரல் எனக்கே பிடிபடவில்லை. ஒரு வேற்றாளைக் கூப்பிடுவதுபோல இருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்போது அவள் முகத்தைச் சுளித்து, தலையைத் திருப்பி, என் சட்டைப் பொத்தானைப் பால் என்று நினைத்து வாயால் தேடத் தொடங்கினாள்.